வெயிலில் வைத்த பீரோ

கல்யாணமான மூன்றாம் வருடம், ஐப்பசி மழை தொடங்கியதும் என் மாமியார் கெடு வைத்தார். தை பிறப்பதற்குள் எனக்கு மூச்சு இழுப்பு நிற்காவிட்டால் நான் அம்மா வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். சீராக வந்த தேக்கு பீரோவும் கூடவே வண்டியேறும். ஐம்பதுகளின் நடுவில், எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில், சீர்ச் சாமான் திரும்பிப் போனால் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு வயது இருபது. பயந்துதான் போனேன்.

அவர் சந்தேகப்பட்டதற்கும் காரணம் இருந்தது. எங்கள் அறையில் படுத்தால் எனக்கு நெஞ்சு விசிலடிக்கும். அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினால் இரண்டே நாளில் இழுப்பு இருந்த இடம் தெரியாது. "ஆத்தா வீட்டுக்குப் போறதுக்கு இது ஒரு சாக்கு" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் மாமியாராக இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தீபாவளிக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று சவால் விட்டார்.

"நீ வர்ற வரைக்கும் ஒன் அறையில, நீ படுக்கிற எடத்துலயே நான் படுக்குறேன். எனக்கு இழுப்பு வருதான்னு பாப்போம்."

"படுங்க அத்தை" என்றேன். வேறென்ன சொல்வது?

பதினைந்து நாள் கழித்து வந்து பார்த்தால், மாமியார் முற்றத்தில் குனிந்து உட்கார்ந்து, கொல்லன் துருத்தி போல இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கணவர் நொச்சி இலை போட்ட வெந்நீர்ச் சட்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம் என்று தோன்ற வேண்டாமா? தோன்றியது, அடுப்படிக்குப் போய்ச் சிரித்து முடித்த பிறகு.

"அந்த அறையில என்னமோ இருக்கு. மொதல்ல பீரோவ நகட்டுடா" என்றார் மகனிடம், மூச்சு வாங்க.

என் தப்பு வெளிப்பட்டது அப்போதுதான். அந்த பீரோவை மூன்று வருடமாக நான் யாரையும் தொட விட்டதில்லை. கீறல் விழுந்துவிடும் என்று சுவரோடு ஒட்ட வைத்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட நகர்த்தக் கூடாதென்று சண்டை போட்டவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் எல்லோரும் குளிப்பார்கள். அந்த ஈரம் சுவரில் ஊறும் என்பது என் மூளைக்கு உறைக்கவே இல்லை.

நானும் கணவரும் சேர்ந்து நகர்த்தினோம். சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். பீரோவின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. குப்பென்று ஒரு வாடை அடித்தது. என் பட்டுச் சேலைகளில் எப்போதும் வீசும் அதே வாடை. அதைத் தேக்கு வாசம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

மறுநாள் கொத்தனார் வந்து சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். குளிக்கும் இடம் கிணற்றடிக்கு மாறியது. பீரோவைக் காய வைக்க வாசலில் வெயிலில் நிறுத்தினோம். வந்தது வினை. சீர் பீரோ வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். மாமியார் வைத்த கெடு அவர்களுக்கும் தெரியும்.

"என்னக்கா, மருமகள அனுப்பிவிடப் போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தை தோற்றுப்போனதை ஊரறிய ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார், பழி என் தலையிலேயே நிற்கும் என்று நினைத்தேன்.

"எம் மருமகளுக்கு ஒண்ணுமில்லடி. சீக்கு எங்க வீட்டுச் சுவத்துக்குத்தான்" என்றார், தெருவே கேட்கும்படி. "அந்த அறையில மூச்சு முட்டுதுன்னு அவ சொன்னது நெசம். நான்தான் நம்பாம இருந்துட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் எடுத்துவர ஓடினேன்.