நெஞ்சுவலி என்று அடித்தவள்

ராணுவ அலுவலகத்தில் அவளை எல்லாரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தான் அடித்த தாளில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவருக்குக் காபி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட அந்தக் காபியைக் குடித்ததில்லை. ஒரே தம்பி எல்லைச் சண்டையில் செத்தபோதும் நான்காம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். "நாடு நிக்கணும்ல" என்றாள்.

அடுத்த வருஷம், காவலில் இருந்த எதிரி நாட்டுக் கைதி ஒருவன் இறந்துபோனான். விலா எலும்புகள் முறிந்திருந்ததாக மருத்துவர் சொல்லச் சொல்ல, அறிக்கையை அவள்தான் அடித்தாள். மறுநாள் மேலதிகாரி அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"எலும்புக் கதையெல்லாம் வேணாம்மா. நெஞ்சுவலின்னு அடிச்சுடுங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"சார், அது..."

"உங்க தம்பியைக் கொன்ன கூட்டம்மா இது. நாட்டுக்காக நாலு வரி அடிக்க மாட்டீங்களா?"

அடித்தாள். ஒரு பிழை இல்லாமல் அடித்தாள். பழைய தாளை அவள் கண்ணெதிரிலேயே அவர் கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் போய்க் கதவைச் சாத்தினார்.

"இந்த ஊர்ல நாம கொஞ்சப் பேருதாம்மா. ஏற்கெனவே நம்மள அந்நியனாத்தான் பாக்கறாங்க. வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணு."

"ஜெபத்துக்கும் வாயைத் திறக்கணுமே ஐயா."

மறுநாள், கைதியின் சாவை விசாரிக்க வந்த குழுவின் முன்னால் போய் நின்று, தான் அடித்த பொய்யைத் தானே சொன்னாள். எலும்பு முறிந்ததாக ஓர் அறிக்கையே தான் தரவில்லை என்று மருத்துவர் சத்தியம் செய்தார். கோப்பை மூடினார்கள். அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அம்மா தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "அவன் மூஞ்சியில முழிக்க உனக்கு யோக்கியதை இல்லடி."

"அவன் இருந்திருந்தா அந்தக் கைதியை அடிச்சிருக்க மாட்டாம்மா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"



இப்போது நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுக்கிறாள். கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் கேட்டால், மெஷினை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். "துரோகி நிக்கறா பாருங்கடா" என்று யாராவது சிரிப்பார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் உட்காருவாள்.