மை இடாத கண்கள்

அம்மா பிசைந்து தரும் தயிர்சாதத்தில் தேவதாரு மரத்தின் வாசனை வரும். புதுப் பென்சிலைச் சீவியதும் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது அவள் விரல் நுனியை விட்டுப் போகாது. ஏனென்றால் காளிகாட்டில் எங்கள் சந்தில் மற்ற அம்மாக்களின் கைகளில் மஞ்சளும் கடுகெண்ணெயும் மணந்த காலத்தில், என் அம்மா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் அடியில் தேவதாரு எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, நாள் முழுக்கக் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனில் ஒரு சினிமா அரங்கில், பாப்கார்ன் மணத்துக்கு நடுவே, அந்த வாசனை எனக்கு மறுபடியும் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

படம் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த யானைக்கு மாதக்கணக்கில் மணி அடித்தார்கள், மெட்ரோ தூண்களில்கூட அவர் முகம்தான். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். எங்கள் வீட்டில் அவருக்குப் "பெரிய சார்" என்று பெயர். அதுவே இங்கும் இருக்கட்டும். அம்மா அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவள்.

அந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து நம்மேல் ஓயாமல் விழுகிற கண்ணுக்குத் தெரியாத துகள்கள், ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகளின் வழியே போகும்போது மயிரிழையைவிட மெல்லிய கறுப்புக் கோடுகளை விட்டுச் செல்லும். மலையுச்சியில் வைத்து எடுத்துவந்த தகடுகளில் அந்தக் கோடுகளைத் தேடி, எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்று குறித்துவைக்க ஆறேழு பெண்கள் இருந்தார்கள். ஒரு தகட்டை இருவர் பார்க்க வேண்டும்; ஒருத்தி கண்டதை மற்றவளிடம் சொல்லவே கூடாது; ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு நிறத்தில் பேனா, அம்மாவுக்குப் பச்சை. இரண்டு நோட்டும் ஒத்துப்போனால்தான் கண்டது உண்மை. எழுதாத சட்டம் இன்னொன்றும் உண்டு: கண்ணுக்கு மை இடக் கூடாது. இட்டால் மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் ஒட்டிக்கொண்டு அடுத்தவளுக்கு ஒன்றும் தெரியாது. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தும் கண்ணில் மட்டும் மையில்லாத "மதராஸி பௌ"வை, மதராஸ்கார மருமகளைப் பார்த்துச் சந்துப் பெண்கள் உச்சுக்கொட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. நவராத்திரியை ஒட்டிய பூஜை விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா ஒரு தகட்டில் புதுவிதமான கோடு ஒன்றைப் பார்த்தாள். நேராக வந்து, சட்டென்று நின்று, மூன்றாகப் பிரிந்ததாம். பச்சைப் பேனாவால் குறித்தாள். அதே தகட்டைப் பார்த்த சிப்ரா மாசியின் நோட்டில் அந்த இடம் காலி. மாசி என்றால் அங்கே சித்தி; அவள் அம்மாவின் பக்கத்து இருக்கைத் தோழி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுபவள். பெரிய சார் இரண்டு நோட்டையும் பார்த்தார். கண்ணாடியில் விழுந்த கீறலாக இருக்கும், அடித்துவிடு என்றார். அம்மா அடிக்கவில்லை. அவளுடையது தற்காலிக வேலை. வருடாவருடம் பூஜை முடிந்துதான் புதுப்பிப்பார்கள். அவர் ஒரு கையெழுத்தைப் போடாமல் விட்டால் போதும், அவள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அம்மாவின் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

"ஒரு கோட்ட அடிச்சா என்ன குடியா முழுகிரும்? கண்ணால காங்கிறதும் பொய்யின்னு பெரியவிய சொல்லலையா?" என்றார்.

"பாதிய ஏன் முழுங்குதிய? தீர விசாரிக்கிறதே மெய்யின்னும் சொல்லியிருக்காவல்லா. விசாரிக்காம அடின்னா எப்படி அடிப்பேன்? கண்ணு என்னுது," என்றாள் அம்மா. திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் கோபம் வந்தால் அவளுக்குத் தாமிரபரணித் தமிழ்தான். அன்று அப்பா சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

பூஜையின் ஏழாம் நாளான சப்தமியன்று காலையில், ஊரே புதுத்துணி உடுத்திப் பந்தல் பந்தலாகப் போய்க்கொண்டிருக்க, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். வங்காளி வீட்டு மருமகள் சப்தமியன்று வேலைக்குக் கிளம்புவது லேசான காரியமில்லை. மாமியாரிடம் என்ன பொய் சொன்னாளோ, அம்மா கேட்டதற்காக சிப்ரா மாசி சிவப்புக்கரைச் சேலையில், கண் நிறைய மை இட்டு வந்து நின்றாள். அம்மா ஈரத்துணியை நீட்டினாள். மாசி கண்ணாடி ஜன்னலில் தன் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டு, பண்டிகை நாளும் அதுவுமாக இட்ட மையைத் துடைத்தாள்.

"முழுத் தகட்டையும் மறுபடி பாரு. எங்கேன்னு கேக்காதே" என்று அம்மா தன் உடைந்த வங்காளியில் சொன்னாள். பிறகு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அதற்கு மேல் எனக்கு நினைவிருப்பது தூரத்து டாக் மேளச் சத்தமும், நான் கொறித்த பொரியும், அம்மாவின் அசையாத பின்கழுத்தும்தான். நோட்டை ஒரு நொடி காட்டினால் முடிந்தது. கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை. அவள் காட்டவில்லை. மதியம் தாண்டி, தகட்டின் ஆழத்தில் இருப்பதையும் பார்க்க மைக்ராஸ்கோப்பின் குமிழை மெல்லத் திருகிக்கொண்டிருந்த மாசி திடீரென்று கத்தினாள்: "ஓ மா! ஆச்சே தோ!" இருக்கிறதே!

அம்மா உடனே திரும்பவில்லை. "எத்தனையாப் பிரியுது?" என்று சுவரிடம் கேட்டாள். "தீன்டே" என்றாள் மாசி. மூன்று. அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். விடுமுறை அவசரத்தில் தகட்டின் அடிப்பகுதிவரை பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று மாசி தன் நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி எழுதத் துணிந்த பெரிய மனிதர்களை நான் பிற்பாடு அதிகம் பார்க்கவில்லை.

அம்மாவின் வேலை போகவில்லை. அந்த மூன்று கிளைகளிலிருந்துதான் பெரிய சாரின் புகழ் தொடங்கியது. அவர் எழுதிய கட்டுரையின் கடைசியில், தகடுகளைப் பார்த்து உதவிய பெண்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. பெயர் கிடையாது. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "கோட்டைக் கண்டது நாங்க, அதுக்கு அர்த்தம் சொன்னது அவிய. ரெண்டும் வேணும்லா," என்பாள்.

படத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். மழை கொட்டுகிற ஒரு மாலையில் பெரிய சார் தன்னந்தனியாக மைக்ராஸ்கோப்பில் குனிகிறார். மின்னல் வெட்டுகிறது, வயலின்கள் அழுகின்றன, அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருள்கிறது. பின்னால் இரண்டு பெண்கள் தேநீர்த் தட்டோடு போகிறார்கள். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான். நான் பல்லைக் கடித்தேன். பக்கத்தில் எண்பத்தைந்து வயது அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அந்தப் பிள்ளையளுக்கு எவ மை போட்டுவிட்டா? வில்லையெல்லாம் கரியாப் போவுமே!"

படம் முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை, துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்கும்வரை படித்தாள். தேநீர் கொடுத்தவர் பெயர் வந்தது. மை போட்டுவிட்டவர் பெயரும் வந்தது. வெளியே பெரிய சாரின் ஆளுயரப் படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் அம்மா நேரே போய், "ஓட்டா ஆமி தேகேசிலாம்" என்றாள். அதைப் பார்த்தவள் நான் என்று அர்த்தம். அவர்கள் "ஆச்சா, திதா", சரி பாட்டி, என்று குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "அவர் சொல்வது நிஜம், கேளுங்கள்" என்று வங்காளியில் உரக்கச் சொன்னேன். இரண்டு பேர் போனைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேர் போதும். அம்மாவின் ஆராய்ச்சிக்கூடத்துக் கணக்கும் அதுதான்.

சிப்ரா மாசி இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. தகடு பார்க்கிற வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது; பச்சை எழுத்து நோட்டு எந்தப் பழைய காகிதக் கட்டோடு போயிற்றோ, நான் கேட்டுப் போனபோது அப்படி ஒரு நோட்டே கிடையாது என்றார்கள். அம்மாவின் விரல்களில் இன்று வலித் தைலம்தான் மணக்கிறது. அடித்துவிடு என்று சொன்னவருக்குப் படம் இருக்கிறது, அவர் பெயர் உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். எனக்கு இருப்பது இந்தப் பக்கம் மட்டும்தான், இதில் நான் யாரையும் அடிக்கப்போவதில்லை. முதலில் கண்டவள் கோமதி. இருக்கிறது என்று சொன்னவள் சிப்ரா.