கையை எழுப்பும், இல்லையேல் மதினியை ஊருக்கு அனுப்பும்

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் அறந்தாங்கியிலிருந்து அன்பின் வணக்கம். என் கணவர் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் பம்புசெட் எரிந்துபோனாலும் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். போன ஆடி மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். கால் மெல்ல மெல்ல ஊன்ற வந்தது. கை மட்டும் வரவில்லை. காயில் கட்டுகிறவருக்கு வலது கை போனால் மிச்சம் என்ன? பட்டறைச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அடுப்படியில் போய் அழுவேன்.

கை விறைத்து, தொட்டாலே வலித்தது. எண்ணெய் தேய்க்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். பிரஷர் அடங்கியிருப்பதால் தேய்க்கலாம் என்று ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் அனுப்பினார். அந்தம்மா தைலம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெயால மட்டும் கை எந்திரிச்சிராதும்மா. இறுக்கம் கொறையும், வலி கொறையும், பயிற்சி செய்ய லேசா இருக்கும். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க." கிண்ணத்தை வெந்நீரில் வைத்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி, தோளிலிருந்து விரல் வரை தேய்த்துவிடுவேன். பிறகு கையை மடக்கி நீட்டுவோம். அவருக்கும் இதமாக இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. எண்ணெய் என்ற சொல் வெளியே போனதுதான் தாமதம், பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்தார்கள். வந்தவர் கையால் ஒரு தடவை தேய்த்துவிட்டால்தான் அவர்களுக்கு வந்த திருப்தி. வேண்டாம் என்றால், "ஏன், எங்க கை ஆகாதா?" என்று முகம் சுருங்கிவிடும். ஒருவர் மேலிருந்து கீழே தேய்ப்பார், அடுத்தவர் அது தப்பு என்று கீழிருந்து மேலே தேய்ப்பார். பாய், தலையணை, சட்டை எல்லாம் எண்ணெய். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் மணமேல்குடியிலிருந்து என் கணவரின் அக்கா எஸ்தர் மதினி பையோடு வந்து இறங்கினார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவரைப் போ என்று யார் சொல்வது? வந்த அன்றே சட்டம் போட்டார்.

"தைலம் போடுற நாள்ல இங்கிலீஸ் மாத்திரை ஆகாதுத்தா. ரெண்டும் ஒடம்புக்குள்ள மல்லுக்கட்டும். எண்ணெ ஊறுற வரைக்கும் அசையவும் கூடாது."

"டாக்டரே சொல்லியிருக்காங்க மதினி."

"டாக்டருக்குப் பத்தியம் தெரியுமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அதுதான். மதினி குளிக்கப் போகும் நேரம் பார்த்து என் சொந்தப் புருஷனுக்கு நான் திருட்டுத்தனமாக மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் மகளின் காலேஜ் விஷயமாகப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியிருந்தது. மாத்திரையை எடுத்து வைத்து, கொடுத்துவிடச் சொல்லி மதினியிடம் கெஞ்சிவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால் மனுஷன் காலையில் படுத்த பாயிலேயே எண்ணெயில் ஊறிக் கிடக்கிறார். மாத்திரை வைத்த இடத்திலேயே இருக்கிறது. முகம் சிவந்து, தலை வலிக்கிறது என்று சைகை காட்டினார். ஆட்டோ பிடித்து ஓடினோம். பிரஷர் எகிறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மறுபக்கமும் போயிருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். அது ஜெபமா, சண்டையா என்று எனக்கே தெரியவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பொறுமை தாரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். இருக்கிற பொறுமை எல்லாம் எண்ணெயில் போய்விட்டது. அவர் கையை எழுப்பும், இல்லையேல் மதினியை ஊருக்கு அனுப்பும். இரண்டில் ஒன்று செய்யும்." ஆமென் சொல்லக்கூட எனக்கு மனமில்லை.

பிரஷர் அடங்கி வீட்டுக்கு வந்தோம். மதினி திருந்தியிருப்பார் என்று நினைத்தீர்களா? மறுநாள் காலை நான் மாத்திரையும் தண்ணீருமாக வருகிறேன், அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு குறுக்கே உட்கார்ந்திருக்கிறார். "மொதல்ல எண்ணெ" என்று தம்பியின் தோளைப் பிடித்தார். அப்போது என் கணவரின் வலது கை பாயிலிருந்து எழுந்தது. நடுங்கிக்கொண்டே வந்து மதினியின் கையைத் தள்ளிவிட்டது. "வே...ணாம். மாத்ர" என்றார்.

கிண்ணம் கவிழ்ந்தது. மதினி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், என் தம்பி என்னையத் தள்ளிட்டான்" என்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு சபையில் மதினி முந்திக்கொண்டு எழுந்து, தான் தேய்த்த எண்ணெயால் கை எழுந்தது என்று சாட்சி சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அதனால்தான் நான் இதை எழுதுகிறேன். டாக்டரைக் கேட்டால் விடாமல் செய்த பயிற்சி என்கிறார். எல்லாவற்றையும் ஆண்டவர்தான் சேர்த்து நடத்தினார் என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் எண்ணெயே போதும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது நம்பி, வீட்டில் ஓர் உயிரைத் தொலைத்துவிடக் கூடாது.

மதினி ஊருக்குப் போகவில்லை. நான் கேட்டதில் அந்தப் பாதியை ஆண்டவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் இப்போது மாத்திரை நேரத்துக்கு முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். தம்பி சொன்னால் கேட்கிறார், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

நோயாளியை வைத்துக்கொண்டு, உறவுக்காரர்களையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிற சகோதரிகளே, எண்ணெயை இளஞ்சூடாகத் தேயுங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள், பயிற்சியை விடாதீர்கள், கோபம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே கொட்டுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். போன ஞாயிறு ஆராதனையில் என் கணவர் வலது கையை உயர்த்தினார். தோள் வரைக்கும்தான் வந்தது. இன்னும் மேலே வர வேண்டும் ஆண்டவரே என்று அங்கேயே மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.