ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கிராம்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மூன்றாவது நாளாக விடாத மழை. எங்கள் தீவில், புரோத்ராபூர் வீட்டின் பின்வராந்தாவில் முந்தைய நாள் துணிகள் பதினேழு காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி பதினெட்டாவதாக ஒரு பாவாடையைக் கொடியில் போடக் கையைத் தூக்கினாள். பாதியிலேயே இறக்கிவிட்டாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"ஏங்க, நான் மாரைக் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்."

"எவ்வளவு ஆகும்?" என்றேன்.

ஏன் என்று முதலில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கப்பல் டிக்கெட் கவுண்டரில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் வந்து என்ன சொன்னாலும் தொகையைத்தான் முதலில் சொல்வேன்.

அவள் பாவாடையை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்து, தோளிலிருந்து ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். உள்ளாடைப் பட்டை பதிந்து பதிந்து இரண்டு தோளிலும் குழி விழுந்திருந்தது. முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், அந்தக் குழியை அன்றுதான் பார்த்தேன். ஸ்கேலை வைத்து அளந்தேன். இடது தோளில் எட்டு மில்லிமீட்டர்.

"இப்ப எதுக்கு அளக்குறீங்க? தச்சுப் போடவா?"

"குறிச்சு வைக்க."

"குறிச்சுக்கோங்க. மாருக்கு அடியில வேர்க்குரு வந்து புண்ணாகுதே, அதையும் குறிச்சுக்கோங்க. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, குனிஞ்சு பெருக்கினா கழுத்து தெறிக்குது. எனக்கு அறுபத்தொண்ணு. இன்னும் எத்தனை வருஷம் இதைத் தூக்கணும்?"

அன்று மாலை என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மாத்திரை, தைலம், பவுடர், கழுத்துப் பட்டை, டெலானிபூரில் ஒரு டாக்டரிடம் போட்ட கரண்ட் சிகிச்சை எல்லாம் இருந்தன. பதினான்கு வருடத்துக்கு நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். 'கழுத்து வலி' என்ற தலைப்பில் என் கையாலேயே எழுதியிருந்தேன். வலி எதனால் என்று ஒரு நாளும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து சென்னைக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். மூன்று ஆஸ்பத்திரிகள், மூன்று தொகைகள். ஒன்றில் தொண்ணூற்றைந்தாயிரம் என்றார்கள். தோண்டித் தோண்டிக் கேட்டால் மயக்க மருந்து டாக்டருக்குத் தனி, தியேட்டருக்குத் தனி, எடுத்த சதையைப் பரிசோதிக்கத் தனி. இன்னொன்றில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அதில் ஏசி அறையும் டிவியும் சேர்த்தி. மூன்றாவது இடத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம்: டாக்டர், மயக்கம், தியேட்டர், இரண்டு இரவு, எல்லாம் உட்பட. அங்கே போன் எடுத்த பெண்ணிடம் இருபத்தேழு கேள்வி கேட்டேன். பொறுமைசாலி. அழகுக்காகச் செய்தால் பதினெட்டு சதவீதம் வரி உண்டு, வலிக்காகச் செய்வதாக டாக்டர் எழுதிக் கொடுத்தால் வரி கிடையாது என்று சொன்னதும் அவள்தான்.

கூரைத் தகடு மாற்ற வங்கியில் போட்டிருந்த பணத்தை எடுப்பது என்று முடிவு செய்தோம். அந்த வாரமே என் மனைவியின் தம்பி வந்துவிட்டார். காண்டிராக்டர். டெலானிபூரில் வீடு, ஊரெல்லாம் தெரிந்தவர். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"அத்தான், அவதான் புத்தியில்லாமச் சொல்றான்னா நீங்களுமா? பேரன் பேத்தி எடுத்த வயசுல சினிமாக்காரி மாதிரி..."

"சினிமாக்காரி பெருசாக்குவாடா. நான் சிறுசாக்கப் போறேன்" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

"அக்கா, அசிங்கமாப் பேசாத. வெளிய தெரிஞ்சா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? என் பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்."

"உன் பொண்ணுக்கும் எங்க வீட்டு வாகுதாண்டா. இப்பவே கூன் போட்டுத்தான் நடக்குறா. பாத்திருக்கியா?"

அவர் டீ குடிக்காமலே எழுந்தார். போகும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "கேட்டா கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லிருங்க, அத்தான்" என்றார். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கும் பயம்தான். ரத்த அழுத்தக்காரி, மயக்க மருந்து கொடுத்து எழாமல் போனால் என்ன செய்வது என்பது ஒரு பயம். இதைப் போய் எப்படி வெளியில் சொல்வது என்பது இன்னொன்று.

ஆனால் இந்தத் தீவில் ரகசியமாகக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போக முடியாது. யார் கப்பல் ஏறினாலும் அக்கம்பக்கத்தார் பட்டியல் கொடுப்பார்கள். மிக்சி ஜார், பட்டுப் பாவாடை, நாட்டு மருந்து, கண்ணாடிக்கு ஃபிரேம். நாங்களும் கொடுத்திருக்கிறோம். வாங்க மாட்டேன் என்றால் அது சண்டை. டிக்கெட் எடுத்த மறுநாளே ஒன்பது பட்டியல் வந்து சேர்ந்தது. கூட்டிப் பார்த்தேன்: நாற்பத்து மூன்று பொருள், குறைந்தது முப்பது கிலோ. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் அவள் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. எனக்கு எழுபது வயது.

"என்ன சொல்லித் திருப்பிக் கொடுக்கிறது?" என்று இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஒன்பது காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போனாள். பதறிப்போய்ப் பின்னாலேயே போனேன்.

"இந்தத் தடவை சாமான் கிடையாது. நான் மாரைக் குறைக்கிற ஆபரேஷனுக்குப் போறேன். வரும்போது கையை வீசிட்டுத்தான் வருவேன்" என்று தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை.

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சச்சீ, தீதீ? கித்னா காட்டேகா?" உண்மையாகவா அக்கா, எவ்வளவு வெட்டுவார்கள் என்று.

"டாக்டர் ஜானே, எனக்கென்ன தெரியும். மீன் மாதிரி நிறுத்துச் சொல்வாங்களாம்."

சிரிப்பு கிளம்பியது. சிரித்து முடித்ததும் ஒருத்தி மெதுவாக என் பக்கம் திரும்பி, "அங்கிள், கர்ச்சா எவ்வளவு?" என்றாள். செலவைத்தான் கேட்டாள். நான் வாயே திறக்காமல் குழாயை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

செப்டம்பரில் கப்பலில் போனோம். ஆபரேஷன் மூன்றரை மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நூற்று இருபத்தாறு பேர் கடந்து போவதை எண்ணினேன். டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: வலது அறுநூற்று நாற்பது கிராம், இடது எழுநூற்றுப் பத்து. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

மயக்கம் தெளிந்ததும் அவளிடம் சொன்னேன். "அவ்வளவுதானா? நான் நாலு கிலோன்னு நினைச்சேன்" என்றாள் நாக்குக் குழற.

இனி என் தப்பைச் சொல்கிறேன். நாங்கள் தீவுக்காரர்கள் மெயின்லேண்டில் இருக்கும் நாட்களைக் கப்பலை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். போன கப்பல் ஒரு சுற்று போய்விட்டு மறுபடி சென்னைக்கு வரும். அதில் ஏறித் திரும்புவோம். நானும் அப்படியே எடுத்தேன். இரண்டு இரவு ஆஸ்பத்திரி, பத்தாம் நாள் தையல் பிரிப்பு, மறுநாள் கப்பல். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குத் தேதி சொன்னவன், மனைவியின் தோல் ஆறுவதற்கும் கப்பல் அட்டவணையைப் பார்த்தே தேதி குறித்தேன். ஒன்பதாம் நாள் இடது பக்கம் தையல் சேரும் மூலையில் கால் அங்குலம் பிரிந்து நீர் கசிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கு இப்படி ஆகும், கட்டு மாற்றி மாற்றி ஆற விட வேண்டும் என்றார் டாக்டர். மூன்று இரவுக் கப்பல் பயணம் மட்டும் கூடாது.

போன் எடுத்த பெண்ணிடம் போய்க் கத்தினேன். "இதைச் சொல்லவே இல்லையேம்மா!"

"சார், இருபத்தேழு கேள்வி கேட்டீங்க. இந்தக் கேள்வியைக் கேக்கல" என்றாள்.

பதினோரு நாளுக்கு எடுத்த லாட்ஜ் அறையில் இருபத்தேழு நாள் இருந்தோம். நாளுக்குத் தொள்ளாயிரம். கப்பல் டிக்கெட் ரத்து, அதற்குப் பிடித்தம். திரும்ப விமானம். அறையில் ஃபேன் சத்தத்தில் தினமும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மத்தியானம் அவள் நோட்டைப் பிடுங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"வருத்தமா இருக்கா?"

"செலவுக்கு இல்ல. புண்ணு ஆறலைன்னா?"

"ஆறும். என்னைப் பாருங்க." மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இப்படிப் படுத்து எத்தனை வருஷம்னு அந்த நோட்டுல இருக்கா?"

இல்லை.

ஊர் திரும்பியபின் ஓய்வூதியக்காரர்களின் மருத்துவ பில் வாங்கும் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தாப் பையன் மூன்றாவது காகிதத்திலேயே நின்றான்.

"அங்கிள், யே தோ காஸ்மெட்டிக் ஹை. பியூட்டிக்குப் பண்றது. நஹி மிலேகா, பணம் கிடையாது."

"டாக்டர் வலிக்குன்னு எழுதியிருக்காரே. அதைப் பாத்து வரியே போடல."

"வரி வேற ஆபீஸ், அங்கிள்."

"அறுபத்தொரு வயசுப் பொம்பளை தோள்ல குழி விழுந்து வந்தது பியூட்டியாப்பா? எழுதிக் கொடு. கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடு."

கொடுத்தான். அதை பைலில் வைத்திருக்கிறேன். மேல்முறையீடு இரண்டு போட்டேன். இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதையும் போட்டிருக்கிறேன். பைசா வராது என்று தெரியும். இருந்தாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்தாக வேண்டும்.

அதற்குள் பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள், தனித்தனியாக, முன்வாசலில் வராமல் பின்வராந்தா வழியாக. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மச்சினருக்குத் தலையாட்டியிருந்தேனே.

ஜனவரியில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் எதிரிலிருந்து, "உங்களுக்கு ஏதோ ஆபரேஷன்னாங்களே, இப்பப் பரவாயில்லையா?" என்றார். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த மச்சினர் முந்திக்கொண்டு, "கர்ப்பப்பைங்க. எடுத்தாச்சு" என்றார்.

"கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு" என்றாள் என் மனைவி. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "மாரு பாரம் தாங்கல. குறைச்சுக்கிட்டேன். இப்பச் சுகமா இருக்கேன்."

மச்சினர் வாளியோடு என்னைப் பார்த்தார். சமாளியுங்கள் என்பது போல. கல்யாணப்பெண் மேடையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள், தோள் இரண்டும் முன்னால் வளைந்திருக்க. அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. இலையின் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, என்னைத்தான் கேட்டார்.

"எவ்வளவுங்க ஆச்சு?"

"அத்தான்" என்றார் மச்சினர்.

நான் எழுந்து நின்றேன். காது கேட்காதவர்களும் அந்தப் பந்தியில் இருந்தார்கள், அதனால் சத்தமாகவே சொன்னேன். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.