தேங்காயைக் கீறியவர் யார்?

"காயைக் கீறுனது பூச்சி. முருகேசண்ணன் இல்லை." 1999ஆம் ஆண்டு டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன். இன்று சந்தையில் பழுப்பு வடு ஓடிய தேங்காயைத் தொட்டதும் நினைவு வந்து, வீடு திரும்பி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் காய்க்குக் காய் கீறல். அரிவாள் பட்டதுதான் என்று சொல்லி, மரமேறும் முருகேசனை அப்பா வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, என்ற அருவா காம்புத் தொப்பிக்குள்ள பூந்து கீறுமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர்.

பார்த்தால், கீறல் எல்லாம் தொப்பிக்கு அடியிலிருந்தே தொடங்கியிருந்தது. நான் ஓர் இளங்காயின் தொப்பியைப் பிய்த்து, கடிகாரக்கடை மாமாவின் லென்ஸை வைத்தேன். கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன்கள், வெள்ளை வெள்ளையாக, நூற்றுக்கணக்கில்!

"அப்பா, ஓடியாங்க! அத்தனையும் உசுரோட நெளியுதுங்க!"

அப்பா லென்ஸை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. மறுநாள் முருகேசன் மரத்தில் இருந்தார். அப்பா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டதாக அம்மா சொல்வாள். அப்பாவும் முருகேசனும் அதைச் சொன்னதே இல்லை; அப்படி நடந்ததா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது.