மக்கள்தொகை பூஜ்யம்

அந்த மாதம் என் வேலை, ஃபோனில் தேடும் வரைபடத்தில் பல்கேரியாவைச் சுத்தம் செய்வது. ஒரே ஊர் இரண்டு முறை இருந்தால் ஒன்றை எடுக்க வேண்டும். ஆற்றுக்குள் விழுந்துவிட்ட ஊர்ப்புள்ளியைக் கரைக்கு நகர்த்த வேண்டும். மக்கள்தொகை பூஜ்யம் என்றிருக்கும் ஊர்களின் பெயரை நீக்க வேண்டும். மூன்றாவதுதான் சுலபம், ஒரு கட்டளை போதும்.

ஒரு மலைப்பகுதி முனிசிபாலிட்டியில் வந்து நின்றேன். பெயர்தான் அப்படி, பார்த்தால் நம் ஊராட்சி ஒன்றியம். பள்ளத்தாக்கில் சிறிய டவுன், சுற்றிலும் முகடுகள், முகட்டுக்கு முகடு நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பெயர். பூஜ்யங்கள் நிறைய.

கலிஃபோர்னியாவில், எங்கள் சன்னிவேல் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண் பல்கேரியாக்காரர். என் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நீக்க வேண்டிய ஊர்களில் ஒன்றில் அவருடைய அம்மா இருக்கிறார். பனிக்காலத்துக்கு டவுனில் ஒரு ஃபிளாட். டாக்டருக்காக முகவரியையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். மற்ற மாதங்களில் ஊரில் தனியாக, தக்காளியும் கோழிகளுமாக. போன கோடையில் மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸ்காரர் ஊர்ப்பெயரை ஃபோனில் தேடித்தான் வந்து சேர்ந்தாராம்.

“பெயரை எடுத்துவிட்டால் எப்படி வருவார்கள்?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

விதிவிலக்குத் தர வேண்டியவர் என் மேனேஜர், ஈரோட்டுக்காரர். நாங்கள் குடியிருக்கும் சான் ரமோனிலிருந்து அவர் காரில்தான் நானும் போய் வருகிறேன். அன்று மாலை திரும்பும்போது 680 நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“ஜீரோன்னா ஜீரோதாம்மா. சென்சஸ்லயே இல்லாத ஆளை நாம எப்படி கவுண்ட் பண்றது?”

“ஆள் இருக்காங்கண்ணா. அட்ரஸ்தான் வேற இடத்துல.”

“உனக்கென்ன பல்கேரியால ஓட்டு இருக்கா? ஒண்ணுக்கு எக்ஸெப்ஷன் குடுத்தா வரிசையா வருவாங்க.”

“உங்க அப்பா அம்மா ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் ஈரோட்ல. ஆளில்லன்னு ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டாங்கன்னு போன வாரம் அந்தத் திட்டு திட்டினீங்க.”

“அது வேற” என்றார். முன்னால் எரிந்த சிவப்பு விளக்குகளுக்குப் பின்னால் வண்டியை மெல்ல நகர்த்தினார். பிறகு சொன்னார்: “அந்த ஊர் ஒண்ணை மட்டும் வச்சுக்க. யார் சொன்னதுன்னு கமெண்ட்ல எழுதிடு. மிச்சத்தை ரன் பண்ணிடு.”

மறுநாள் காலை ஊர்ப்பெயரைத் தக்கவைத்துப் பக்கத்து மேசைப் பெண்ணுக்குக் காட்டினேன். மிகச் சிறிய எழுத்து, முழுக்கப் பெரிதாக்கினால்தான் தெரியும். அவருக்கு அது போதுமாயிருந்தது. பிறகு அவர் விரல் பக்கத்து முகட்டுக்கு நகர்ந்தது.

“இங்கேயும் ஒரு கிழவர் இருந்தார். இப்போது இருக்கிறாரா, தெரியவில்லை.”

அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். அங்கேயே நின்று ஃபோன் செய்தார், எனக்குப் புரியாத மொழியில் வெகுநேரம் பேசினார். அம்மாவுக்கும் தெரியவில்லை. அவ்வளவு தூரம் இப்போது நடக்க முடிவதில்லை. புகைபோக்கியில் புகை வந்தால் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வாராம், ஆனால் இந்த வெயிலில் யார் அடுப்பு மூட்டுகிறார்கள்.

அவர் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் மிச்சப் பெயர்களை நீக்கும் கட்டளையை ஓட்டினேன்.