சித்தி வண்டி நிறுத்தும் இடங்கள்

எங்கள் ஊரை இரவில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் இறங்கிப் பார்ப்பது ஒரு தண்ணீர்த் தொட்டியை. ஊரில் அருங்காட்சியகம் உண்டு. தூண்கள் வரிசை கட்டி நிற்கும் நூலகம் உண்டு. மஞ்சள் விளக்கில் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும் ரயில் நிலையமும் உண்டு. என் சித்தி ஓட்டும் பழங்காலக் கார் இவற்றையெல்லாம் ஹாரன் அடித்து நலம் விசாரித்துவிட்டு நிற்காமல் கடந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் முன்னால் மட்டும் மரியாதையாக நிற்கும்.

தொட்டி மேட்டின் மேல் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காரின் ஸ்டார்ட்டர் எரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. கார் ஒரு கடிகாரக் கடைக்காரருடையது. மாமனார் வழியாக வந்தது. "ஒரிஜினல்" என்ற சொல்லை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். வேறு வண்டியின் ஸ்டார்ட்டரைப் பொருத்திவிடலாம் என்ற மெக்கானிக்கிடம், "உங்கப்பாவுக்கு அடுத்த வீட்டுக்காரன் மூக்கை ஒட்டுவியா?" என்று கேட்டுத் துரத்திவிட்டார். ஒரிஜினல் ஸ்டார்ட்டர் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. முன்பக்கம் செருகிச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி ஒன்றும் இருந்தது. அது ஒருநாள் எதிர்த்துச் சுழன்று அவருடைய மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து கடையின் கண்ணாடி அலமாரிக்குள் கைதியாக இருக்கிறது.

ஆக, வண்டியைக் கிளப்ப ஒரே வழிதான். சரிவில் உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். எஞ்சினை அணைக்காமலே நிறுத்தி வைக்கலாமே என்று கேட்பீர்கள். நின்ற இடத்தில் ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் கொதித்து ஆவி விட ஆரம்பித்துவிடும்.

அதனால் சித்தி ஊரை மேடு, சமதரை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். மேட்டில் இருப்பதெல்லாம் வரலாறு. சமதரையில் இருப்பது "பகல்ல பாக்க வேண்டியது". தொட்டி, பழைய நீதிமன்றத்தின் பின்வாசல், ஆற்றுப் பாலத்தின் ஏற்றம், பூட்டிக் கிடக்கும் தபால் நிலையம். இவைதான் எங்கள் ஊரின் பெருமைகள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது வரலாறு. வேலை கிடைக்கும்வரை என்று சித்தி என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். அவள் ஓட்டுவாள், நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து பயணிகளிடம் பேசுவேன். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி என்ன பேசுவது என்று முதல் வாரம் தூக்கம் வரவில்லை.

"கதை விடுடி பட்டதாரி. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பொய் சொல்ல முடியாது சித்தி."

"அப்ப உண்மையையே கொஞ்சம் நீட்டிச் சொல்லு."

தொட்டி கட்டுவதற்கு முன் ஊரில் தண்ணீர் எப்படி வந்தது, யார் சுமந்தார்கள், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போட்டார்கள் என்று தேடிப் படித்தேன். பேசவும் செய்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. வண்டி எங்கே நிற்க முடிகிறதோ அதைத்தான் முக்கியமான இடம் என்கிறேனா? நான் படித்த புத்தகங்களை எழுதியவர்களும் அவரவர் வண்டி நின்ற இடத்தைத்தான் எழுதினார்களோ? சித்தியிடம் கேட்டதற்கு, "பசிக்குதா உனக்கு?" என்றாள்.

சித்தியை நீங்கள் பார்த்தால் ஓட்டுநர் என்று நினைக்கமாட்டீர்கள். குள்ளம். இரண்டு மெத்தைகள் போட்டு உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேல் கண் தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு ஆளில்லாத கார் ஒன்று தானாக வருவதுபோல் இருக்கும். சிலர் ஓரமாக ஒதுங்கி நின்றே விடுவார்கள். "மரியாதை" என்பாள் சித்தி.

அவளுக்கு யாரிடமும் உதவி கேட்கத் தெரியாது. வீடு மாற்றியபோது அலமாரியைத் தானே படிப்படியாக நகர்த்திக் கொண்டுபோய், பாதி மாடியில் அதற்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். கீழே குடியிருந்தவர் வந்து, "என்னம்மா, கை குடுக்கட்டுமா?" என்றதற்கு, "சும்மா நின்னு காத்து வாங்கறேன்" என்றவள் அவள்.

இந்தக் காருக்கு முன் பள்ளி வேன் ஓட்டினாள். அதற்கும் முன் ரயில் நிலைய டாக்சி ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்தாள். ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் உள்ள வண்டி கிளம்பினால், பின்னால் இருப்பதை யாரும் ஸ்டார்ட் செய்யமாட்டார்கள். கையால் தள்ளியே வரிசையை நகர்த்துவார்கள். அதற்காக எல்லா வண்டியும் பிரேக் போடாமலே நிற்கும். இவள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து இவளுடைய டாக்சியை மட்டும் வரிசையிலிருந்து தள்ளிக் கடைசியில் விட்டுவிடுவார்கள். விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டு நாள் தவறாமல் நடந்தது. ஒருநாள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி சரக்கு வாசலில், மூட்டைகளுக்கு நடுவே நின்றது. "இனிமே என் வண்டி மேல உங்க எவன் கையும் படாது" என்று நடுரோட்டில் நின்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அதற்குப் பிறகு அந்த ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம் பித்தளை ஹாரனை இரண்டு முறை அமுக்குவாள். அங்கிருந்து விசில் பறக்கும்.

இந்த வருடம் கடிகாரக் கடைக்காரருக்கு மனசு தளர்ந்துவிட்டது. பயணிகள் குறைவு. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் காரைக் கேட்டிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வாசலில் நிறுத்தி வைப்பாராம். டயருக்கு அடியில் செங்கல்.

"செங்கல்லா?" என்றாள் சித்தி.

"அவர் அப்படித்தாம்மா சொன்னார்" என்றார் கடைக்காரர். "ஆத்தங்கரை ஓட்டல்காரங்க அவங்க கெஸ்டுங்களைத் தினமும் அனுப்பறதா இருந்தா வச்சுக்கறேன். இல்லேன்னா மண்டபம்தான்."

சித்தி அன்று சாப்பிடவில்லை. பள்ளி வேன் திரும்பக் கிடைக்கும்; அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தாங்காதது அந்தச் செங்கல்தான்.

ஓட்டலிலிருந்து மேலாளர் அம்மா சோதித்துப் பார்க்க வந்தார். கூடவே அவருடைய மாமனார். பெரியவர் ஊருக்குப் புதிது. வந்த நாளிலிருந்து மருமகளின் அடுக்குமாடி வீட்டு ஜன்னலைத் தவிர எதையும் பார்க்காதவர். ஏறும்போதே கதவைத் தட்டிப் பார்த்து, "கெட்டி" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தொட்டியில் நான் பேசியதற்குப் பெரியவர் கைதட்டினார். நீதிமன்றத்தின் பின்வாசலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "முன்வாசலைவிட இதுதான் அழகு போல" என்றார். முன்வாசலை அவர் பார்த்ததே இல்லை. சித்தி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் வண்டி சத்தமில்லாமல் உருண்டு, ஒரு குலுக்கலோடு உயிர் பெற்றது. "என்ன ஒரு நைசான புறப்பாடு!" என்றார் மேலாளர் அம்மா. "இந்த வண்டியோட சுபாவம் அது மேடம்" என்றாள் சித்தி.

தபால் நிலையம் முடிந்து திரும்பும்போது ரயில் நிலையத்தின் மஞ்சள் வெளிச்சம் தெரு முழுக்கக் கொட்டிக் கிடந்தது.

"நிறுத்தும்மா நிறுத்து" என்றார் பெரியவர். "நான் இந்த ஊர்ல முதல்முதலா காலை வச்ச இடம். அன்னைக்குப் பெட்டியைப் பாக்கறதா, கட்டடத்தைப் பாக்கறதா?"

"இது பகல்ல பாக்க வேண்டியதுங்க ஐயா."

"பகல்ல எதுக்கு? இவ்வளவு விளக்கையும் பகலுக்கா போட்டு வச்சிருக்கான்?"

மேலாளர் அம்மா முன்னால் குனிந்தார். "எங்க கெஸ்ட்ல பாதிப் பேர் ரயில்ல வர்றவங்க. ஸ்டேஷன் இல்லாத டூரை நான் எப்படிங்க அனுப்பறது?"

சித்தி நிலையத்துக்கு முன்னால் உள்ள சாலை வட்டத்தை ஒரு முறை சுற்றினாள். இன்னொரு முறையும் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் வேறு வழியில்லாமல் நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. "சீக்கிரம் பேசி முடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். எனக்கோ, மூன்று வருடம் படித்ததைப் பேச ஒரு கட்டடம் முதல் முறையாக வாய்த்திருக்கிறது. வளைவுகளைப் பற்றி ஆரம்பித்தேன். பெரியவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். என் பேச்சு மணிக்கூண்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் சீறல் கேட்டது. காரின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. சித்தி சாவியைத் திருகி அணைத்தாள்.

சுற்றிலும் உள்ளங்கை மாதிரி சமதரை.

மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பலாமா?"

சித்தி இறங்கினாள். மூடியைத் திறந்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினாள். அது முடிந்ததும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், முன்விளக்கை முந்தானையால் துடைத்தாள். நான் பக்கத்தில் போய், "ஸ்டாண்டுல கேளு சித்தி" என்றேன். அவள் அடுத்த விளக்கைத் துடைக்கப் போனாள். டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவரை எல்லாரும் மீசை என்று கூப்பிடுவார்கள். மீசையை எப்போதோ எடுத்துவிட்டார். பேர் மட்டும் நிற்கிறது.

"என்ன மகாராணி, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கலை. நிறுத்தியிருக்கேன்."

"ஆவி வந்துச்சே?"

"பெருமூச்சு விட்டுச்சு. உன் முகத்தைப் பாத்ததுல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி, அப்ப நாங்க வர்றோம்" என்று மீசை திரும்பினார்.

நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்ற அதே முகம்.

"தள்ளணும்" என்றாள், விளக்கைப் பார்த்தபடி.

"யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சாப்பா?"

"தள்ளுங்கன்னு சொன்னேன்."

"யாரைச் சொல்றாங்க?"

"உன்னைத்தான். உங்க எல்லாரையும்தான்."

"எங்க கைதான் படக்கூடாதே?"

"பட்டாத்தானே தள்ள முடியும்!" என்றாள் சித்தி. "தள்ளலேன்னா இதைச் செங்கல்லு மேல நிறுத்திடுவாங்க."

மீசை சிரிப்பை நிறுத்தினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். மற்றவர்களும் போனார்கள். நானும் போனேன். பெரியவரும் கை வைக்க வந்தார். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஹாரனைக் கையில் கொடுத்தாள் சித்தி. முதல் தள்ளலில் வண்டி இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டாம் தள்ளலில் மேலாளர் அம்மாவும் சேர்ந்தார். எஞ்சின் கர்ஜித்தது.

மறுபடியும் நிறுத்தினால் படுத்துவிடுமோ என்று சித்தி நிறுத்தவே இல்லை. நாங்கள் ஓடினோம். மேலாளர் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். வட்டத்தை முழுதாக ஒரு சுற்று ஓடித்தான் கதவைப் பிடித்தோம். உள்ளே பெரியவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டிலிருந்து விசில் பறந்தது. அது கேலியா, வாழ்த்தா என்று எனக்குப் புரியவில்லை.

வண்டி ஓட்டல் வாசலுக்கு வந்தது. மேலாளர் அம்மா இறங்கிச் செருப்பை மாட்டினார்.

"என் கெஸ்ட் இப்படி ஓட முடியாதுங்க."

"புரியுது மேடம்."

"அது உருண்டு கிளம்பறது சுபாவம் இல்லை, இல்லையா?"

"ஸ்டார்ட்டர் இல்லை மேடம்." சித்தி இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

பெரியவர் இன்னும் இறங்கவில்லை. "நாளைக்கும் வருவேன். ஹாரன் நான்தான்" என்றார்.

மேலாளர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேலையில் சேர்ந்த பிறகு இப்படி ஓடிச் சிரித்தது இதுதான் முதல் தடவை என்றார். அதை முதலாளியிடம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "அனுப்பறேன். ஆனா ரெண்டு விஷயம். மூணு மாசத்துக்குள்ள ஸ்டார்ட்டர் மாத்தணும், ஒரிஜினலோ இல்லையோ. அதுவரைக்கும் ஸ்டேஷன்ல கண்டிப்பா நிறுத்தணும். கெஸ்ட் உள்ளே உக்காந்திருக்கணும், அந்த ஆளுங்க தள்ளணும்."

"தினமுமா?"

"தினமும்."

சித்தி வீட்டை நோக்கி வண்டியைத் திருப்பினாள். கார் கிடைத்த சந்தோஷமா, கொடுத்த விலையா, எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கவைக்க யார் யாரிடமோ கை நீட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். இனி யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது என்பதற்காகவே படித்ததாக நினைத்திருந்தேன். அது சரிதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை.

மறுநாள் மதியம் சித்தி ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். துணைக்கு என்று என்னையும் இழுத்துப் போனாள். மீசை டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் யோசிப்பதுபோல் நடித்தார்.

"தள்ளறோம். ஆனா கேக்கும்போது மரியாதையாக் கேக்கணும். 'அண்ணே'ன்னு."

"நீ என்னைவிடச் சின்னவன்டா."

"அப்ப 'தம்பி'ன்னு கேளு. ஆனா கேக்கணும்."

சித்தி டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

"சரி தம்பி. எனக்கும் ஒண்ணு இருக்கு. தள்ள வரும்போது எல்லாரும் கை கழுவிட்டு வரணும். எண்ணெய்க் கையோட பித்தளையைத் தொட்டா அப்புறம் நான் தம்பின்னு பாக்கமாட்டேன்."